தண்ணீரை விட்டுவிட்டு வந்த தெண்டி

புன்னைவாயில் குப்பத்துக் கடலில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்துக்குத் தெண்டி என்று பெயர். தெற்கே துறைமுகம் கட்டியவர்கள் கடலுக்குள் கருங்கல்லைக் கொட்டி நீட்டிய சுவரில் அந்தத் தெண்டி பல பருவங்கள் முட்டிப் பார்த்தது, முனகிப் பார்த்தது, சுற்றிக்கொண்டு போகப் பார்த்தது. இனித் தனக்கு வழியில்லை என்று ஆனதும், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தண்ணீரைக் கடலிலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் கரையேறி, குப்பத்தின் ஒரே தெருவுக்குள் புகுந்து வடக்கே ஓடத் தொடங்கியது. யாரும் அலறவில்லை. சுவர் எழும்பிய நாளிலிருந்து மணலை இழந்து, தென்னைகளை இழந்து, வலை காயவைக்கும் திடலை இழந்து, ஒவ்வோர் இழப்புக்கும் ஒவ்வோர் அதிகாரி வந்து தலையாட்டிவிட்டுப் போனதைப் பார்த்திருந்த சனங்கள், "வந்தியா? வா, இது ஒண்ணுதான் பாக்கி" என்று மட்டும் சொல்லிவிட்டு, நழுவிப்போகும் தங்கள் செருப்புகளை எட்டிப் பிடித்தார்கள்.

மீன் விற்கும் ஏகவல்லி அதை முதலில் தன் வாசலில் இருந்த பிளாஸ்டிக் வாளியில் கண்டாள். கடற்கரையில் மணல் எப்படி நகருமோ அப்படித்தான் வாளி நகர்ந்தது. அலை கரையில் சாய்ந்து ஏறும், நேராக இறங்கும். ஏறும்போது தூக்கிய மணலை இறங்கும்போது எடுத்த இடத்தில் வைக்காது, ஒரு சாண் வடக்கே தள்ளி வைக்கும். அடுத்த அலை அதை இன்னொரு சாண் தள்ளும். இப்படித்தான் ஒரு கடற்கரை முழுவதும், யார் கண்ணுக்கும் படாமல், வடக்கு நோக்கி நடந்துகொண்டே இருக்கிறது. வாளியும் சுவர்ப்பக்கம் சாய்ந்து ஏறியது, நேராக இறங்கியது, மறுபடி சாய்ந்து ஏறியது, மாலைக்குள் பக்கத்து வீட்டு முல்லையம்மாவின் வாசலில் போய் நின்றது. ஏகவல்லியின் வாசலில் அதற்குள் தெற்கு வீட்டுக்காரரின் குக்கர் வந்து அமர்ந்திருந்தது.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. காணாமற்போன எதையும் வடக்கே தேடினார்கள், வேண்டாத எதையும் வடக்கு வாசற்படியில் வைத்து அனுப்பினார்கள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும்போது கடல் ஓங்குவதைப்போலத் தெருவும் ஓங்கியது. அந்த நாட்களில் கட்டில்களைத் தூணோடு கட்டினார்கள், கைக்குழந்தைகளை இடுப்பை விட்டு இறக்கவில்லை. அட்டமியில் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும்போது தெரு மந்தமாகியது; அன்று தெற்கே போக வேண்டியவர்கள் போய் வந்தார்கள். தென்கோடி வீட்டுக்குத் துறைமுகத்திலிருந்து மஞ்சள் ஹெல்மெட்டுகளும் கசங்கிய டீ கப்புகளும் வந்து சேர்ந்தன. வடகோடி வீட்டிலிருந்து போனவை அடுத்த குப்பத்துக்குப் போயின. ஒருவரிடமிருந்து போனதற்கு ஈடாக இன்னொருவரிடமிருந்து வந்ததால் எந்த வீடும் காலியாகவில்லை, எந்த வீடும் நிறையவில்லை. முல்லையம்மா மட்டும், "என் புருஷன் மட்டும் எங்கயும் போவமாட்டேங்கறான் பாரு. வெயிட்டு ஜாஸ்தி" என்று அலுத்துக்கொண்டாள்.

தவறு அங்கே நடக்கவில்லை. தவறு கங்கையம்மன் கோயில் திடலில், நல்ல பகல் வெளிச்சத்தில், படித்துப் பட்டம் வாங்கியவர்களும் உட்பட ஊரின் ஆண்கள் அனைவரும் கூடி உட்கார்ந்து யோசித்தபோது நடந்தது. கடல் கொண்டுவந்து போடும் கட்டை, மிதவை, அறுந்த வலை எல்லாவற்றுக்கும் அந்தக் கரையில் ஒரு பழைய விதி உண்டு: ஒதுங்கிய பொருள்மீது, அடுத்த வத்தத்துக்குள், அதாவது கடலில் நீர் வடிந்து முடிவதற்குள், உரியவர் வந்து கைவைத்து ‘என்னுது’ என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அது யார் கரையில் ஒதுங்கியதோ அவர்களுடையது. தெருவில் ஓடுவதும் தெண்டிதானே, தெண்டிக்குக் கடல் விதிதானே என்று ஊர்த்தலைவரான நாட்டார் தணிகாசலம் கேட்டார். ஆமாம் என்றார்கள். ஒரு குரல்கூட, தெருவில் மனிதர்கள் குடியிருக்கிறார்களே என்று கேட்கவில்லை.

ஏகவல்லி கேட்டிருப்பாள். ஆனால் திடலைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்குள் பெண்கள் வரக்கூடாது. கயிற்றுக்குள் அவளுக்காகப் பேசவும் ஆள் இல்லை. ஊர்க்கணக்கில் ஆண் இருக்கும் வீடுதான் தலைக்கட்டு, அவள் வீட்டு ஆண் காசிமேட்டில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். அவன் ஓடிப்போனதில் தலைக்கட்டு இழந்தவள் அவள். அவனுக்குக் காசிமேட்டிலும் தலைக்கட்டு கொடுத்திருந்தார்கள்.

விதி வந்த பிறகு தணிகாசலத்துக்கு ஒரு யோசனை வந்தது. அவர் வீடு தெருவின் நடுவில் இருந்தது. துறைமுகத்தில் மிஞ்சிய கருங்கற்களை லாரியில் ஏற்றிவந்து, தன் வீட்டின் வடக்கு எல்லையை ஒட்டித் தெருவுக்குக் குறுக்கே இடுப்பளவுக்கு ஒரு சுவர் எழுப்பினார். குழந்தைகள் அடித்துப்போகாமல் இருக்க என்றார். ஊர் கைதட்டியது. கடலில் கல் கொட்டியவனைப் பழித்த வாய்களே கைதட்டிய கைகளுக்கு மேலே இருந்தன என்பதை ஏகவல்லி பார்த்துக்கொண்டு நின்றாள், ஏனென்றால் அந்தச் சுவருக்கு வடக்கே முதல் வீடு அவளுடையது.

சுவர் எதைச் செய்யுமோ அதைச் செய்தது. தெற்கிலிருந்து வந்தவை எல்லாம் சுவரில் முட்டித் தணிகாசலத்தின் வாசலில் குவிந்தன. மிக்சி, மெத்தை, கல்யாண ஆல்பம், கோழிக்கூடு கோழியோடு, கோதுமை மூட்டை, பீரோ. கைவைக்க வந்தவர்களை அவர் மனைவி சாந்தகுமாரி உள்ளே விட்டாலும் குவியலில் தன் பொருளைத் தேடி எடுப்பதற்குள் நீர் வடிந்துவிடும். வடக்கே எதுவும் வரவில்லை. ஆனால் தெண்டி சுவருக்கு அந்தப் பக்கம் வெறுங்கையோடு இறங்கி, பசித்த வாயோடு ஓடியது. ஓடுகிற நீரோட்டத்துக்குச் சுமக்க மணல் வேண்டும், கொடுக்கிறவர் கொடுக்காவிட்டால் கிடைக்கிற இடத்தில் பறித்துக்கொள்ளும். ஏகவல்லியின் வீட்டிலிருந்து முதலில் டம்ளர்கள் போயின, பிறகு அம்மிக்கல், பிறகு கதவு. பிறகு வாசல் மண் குழியாகியது. பிறகு தரையின் சிமெண்ட் ஓடு ஓடாகப் பெயர்ந்து எழுந்து வடக்கே நடந்தது.

"நாட்டாரே, என் வூட்டுல இனிமே போறதுக்கு இன்னா கீது?" என்று அவள் சுவருக்கு மேலே எட்டிக் கேட்டாள்.

"பொறும்மா. மார்கழி வந்தா வன்னி திரும்பும், வடக்கேர்ந்து தெக்கே ஓடும். போனதெல்லாம் தானா வந்துடும். கடலப் பத்தி உனக்கு நான் சொல்லணுமா?" என்றார் தணிகாசலம், தெற்கு வீட்டுக்காரன் ஒருவனுடைய சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி.

"கடலப் பத்தி எனக்குத் தெரியும். கல்லு கொட்டனவன் பேச்சும் எனக்குத் தெரியும். அந்தத் துறைமுகத்தானும் இதேதான் சொன்னான்."

வீட்டில் பாரமாக எதுவும் மிஞ்சாத, பௌர்ணமி நெருங்கிய ஆடி மாதத்துக் காலை ஒன்றில், ஏகவல்லி கூடையோடு சந்தைக்குப் போயிருந்தபோது, இரவெல்லாம் பரீட்சைக்குப் படித்துவிட்டுப் பாயில் தூங்கிப்போன அவள் மகள் சௌமியாவை ஏறுகிற பெருக்கு தூக்கியது. கல்லூரியில் கடைசி வருடம், பேச்சில் தாய்க்குச் சளைக்காதவள், எடையில் ஒன்றுமில்லாதவள். பாயோடு சாய்ந்து ஏறி, நேராக இறங்கி, வாசல் வாசலாக நகர்ந்து, வடகோடியில் குணபூஷணம் என்பவளின் படியில் போய் ஒதுங்கினாள். சந்தையிலிருந்து ஏகவல்லி திரும்பியபோது வத்தம் ஆகி, நீர் ஏறத் தொடங்கியிருந்தது.

குணபூஷணத்துக்கு வினோத் என்று ஒரு மகன். பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவள் சௌமியாவுக்குத் தலை வாரிவிட்டு, பூ வைத்து, வாசலில் நின்று அறிவித்தாள்: "என் கரைக்கு ஒதுங்கினவ. ஆவணியில கல்யாணம்."

முதலில் ஊர் சிரித்தது. பிறகு திடலில் கூடியது. கூடியதுதான் அவமானம்; கூடி விவாதித்தது அதைவிடப் பெரிய அவமானம். ஒருவர், இரண்டு வருடத்துக்கு முன் ஒதுங்கிய படகு எஞ்சினின் வழக்கை எடுத்துச் சொன்னார். இன்னொருவர், உயிருள்ளதற்கு விதி செல்லுமா என்று ஐயம் எழுப்ப, நாட்டார் வீட்டில் ஒதுங்கிய கோழிகளைக் காட்டி அந்த ஐயத்தைத் தீர்த்தார்கள். கயிற்றுக்கு வெளியே நின்ற சௌமியா கத்தினாள்: "நான் இன்னா குக்கரா?"

"பொம்பளப் புள்ள சபையில பேசக்கூடாதும்மா," என்றார் தணிகாசலம், அன்பாக.

"அப்ப சபை என்னப் பத்திப் பேசலாமா?"

பகல் சாய்ந்ததும், ஒதுங்கினது ஒதுங்கினதுதான் என்று சபை தீர்ப்பு சொன்னது. சௌமியா திரும்பித் தன் வீட்டை நோக்கித் தெற்கே நடந்தாள். தெண்டி அவள் நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. முன்னால் சாய்ந்து ஏறினாள், பின்னால் சறுக்கி இறங்கினாள், தலையைக் குனிந்துகொண்டு மறுபடி ஏறினாள். ஒவ்வொரு முறையும் ஓட்டம் அவளை வாரிக் கொண்டுபோய்க் குணபூஷணத்தின் படியிலேயே போட்டது. திடலில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"பாருங்கய்யா," என்றார் ஒருவர் நிம்மதியாக. "அவளேதான் அங்க போறா. யாரு தள்ளனது?"

இனிச் சபையிடம் கேட்க ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ள ஏகவல்லிக்கு அந்த வாக்கியம் போதும். அவள் தெருவோடு நடந்து மகளிடம் போவது எளிது, ஓட்டமே கொண்டுபோய்விடும். மகளை இழுத்துக்கொண்டு எதிர்த்து வருவதற்கு அவள் ஒருத்தியின் உடம்பு போதாது, அதையும் செய்து பார்த்து முழங்கால் சிராய்த்துத் திரும்பியிருந்தாள். தெருவில் நின்று உதவி கேட்டாள். வாசல்களில் பெண்கள் இருந்தார்கள். ஊர்க்கட்டுப்பாட்டை மீறினால் வீட்டு ஆணைக் கடலுக்கு விடமாட்டார்கள் என்ற பயம் அந்த வாசல்களில் அவர்களுக்கு முன்னால் நின்றது. முல்லையம்மாகூட, "நான் இன்னாடி செய்ய முடியும் ஏகா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆடிப் பௌர்ணமியன்று காலைப் பெருக்கு ஏறி முடிகிற நேரத்தில் ஏகவல்லி கடப்பாரையோடு தன் வாசல் குழியில் இறங்கினாள். கடல் எந்தச் சுவரையும் நெஞ்சில் அடித்து வீழ்த்துவதில்லை, காலடியைப் பறித்து வீழ்த்தும். அவள் வாசல் மண்ணைத் தின்ற அதே பசி சுவரின் அடிக்கற்களையும் பல்லைப்போல வெளியே துருத்த வைத்திருந்தது. ஒரு கல்லை நெம்பினாள். அது அசைய மறுத்தது. எச்சிலைத் துப்பி, தன்னைப் பெற்றவர்களையும் கட்டியவனையும் கயிற்றுக்குள் உட்கார்ந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே மறுபடி நெம்பினாள். கல் உருண்டது, மீதியைத் தெண்டி பார்த்துக்கொண்டது.

சுவர் வாய் பிளந்ததும் ஒரு பருவத்துச் சேமிப்பு முழுவதும் வடக்கே பாய்ந்தது. மெத்தைகள், மிக்சிகள், பீரோக்கள், றெக்கை அடித்துக்கொண்டு கோழிகள், எல்லாவற்றுக்கும் நடுவில், சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி, டிவி ரிமோட்டைக் கையில் பிடித்தபடி, நாட்டார் தணிகாசலம். பீரோக்கள் தாண்டிப் போயின. நாற்காலி மட்டும் ஏகவல்லி வாசலின் குழியில் சிக்கிக் கச்சிதமாக ஒதுங்கியது. எழுந்திருக்கப் பார்த்தார்; ஓட்டம் அவரைத் திரும்ப உட்காரவைத்தது.

"ஏகவல்லி, கைய குடும்மா, வெளிய வரேன்."

"கைவெச்சா அது இன்னான்னு உங்களுக்குத் தெரியாதா நாட்டாரே? வத்தம் வரைக்கும் பொறுங்க. கடலப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?"

செய்தி பரவி, ஊர் திரண்டது. ஆனால் கைவைக்க உரிமை மனைவிக்குத்தான் என்பதால் அனைவரும் சாந்தகுமாரியைப் பார்த்தார்கள். அவள் இடிந்த சுவருக்கு அந்தப் பக்கம், நீண்ட நாளைக்குப் பிறகு காலியாகிக் காற்று வந்த தன் வாசலில், மணையைப் போட்டு உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ சாந்தா! வந்து கைய வெய்டி!"

"இறால் கைங்க," என்றாள் சாந்தகுமாரி. "உங்களுது வெள்ளச் சட்ட."

கடலில் நீர் வடிந்தது. அவள் ஒவ்வொரு இறாலாக எடுத்து, தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, குடலை இழுத்துப் போட்டு, அலசி, அடுத்ததை எடுத்தாள். முப்பது வருடத்தில் அவள் அவ்வளவு சுத்தமாக இறால் உரித்ததில்லை என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். வத்தம் ஆகியது. கடைசி இறாலையும் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, சுவர் இருந்த இடத்தைத் தாண்டி ஓர் அடியும் வைக்காமல் நின்று பார்த்தாள்.

"என் கரைக்கு ஒதுங்கினவரு," என்றாள் ஏகவல்லி ஊரைப் பார்த்து. "கூடுங்க. பேசுங்க. எனக்கும் தீர்ப்பு சொல்லுங்க."

கூடக்கூட இல்லை. திடலுக்குப் போகவில்லை, கயிறு கட்டவில்லை, எஞ்சின் வழக்கையோ கோழி வழக்கையோ எவரும் நினைக்கவில்லை. நின்ற இடத்திலேயே, மூச்சு விடும் நேரத்தில், ஒரே குரலில் சொன்னார்கள்: "ஆம்பள தலைக்கட்டு. தலைக்கட்டு ஒதுங்காது." நான்கு பேர் இறங்கி நாட்டாரைத் தூக்கி நிறுத்தி, சட்டையின் மண்ணைத் தட்டிவிட்டார்கள். அவர் ரிமோட்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "கோவத்துல செஞ்சிட்ட, உட்டுட்றோம்" என்று ஏகவல்லியை மன்னித்தார்.

அந்த மன்னிப்பைத் தெருவின் எல்லா வாசல்களும் கேட்டன. ஒரு பெண்ணுக்காக ஒரு நாள் முழுக்க விவாதிக்கத் தெரிந்தவர்களுக்கு, ஓர் ஆணுக்காக விவாதிக்கவே தேவைப்படவில்லை என்பதை எல்லா வாசல்களும் பார்த்தன. பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. பயத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து அமர்ந்துகொண்டது, அது பயத்தைவிடப் பாரமாக இருந்தது, அந்தப் பாரத்தில் அவர்கள் கால்கள் தரையில் ஊன்றின.

வடகோடியில் சௌமியா படியிறங்கினாள். குணபூஷணம் அவள் முந்தானையைப் பிடித்தாள். உள்ளேயிருந்து வினோத், போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "உட்டுடும்மா, எனக்கே கேவலமா கீது" என்றான். அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே நல்ல வார்த்தை என்பதால் இங்கே எழுதிவைக்கலாம். சௌமியா முந்தானையை உதறிக்கொண்டு தெற்கே சாய்ந்து ஏறினாள். ஓட்டம் அவளைப் பின்னால் தள்ளியது. தள்ளுகிற அந்தக் கணத்தில் பக்கத்து வாசலிலிருந்து ஒரு கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பற்றியது.

"என்னுது," என்றாள் அந்த வாசற்காரி.

ஊர் திகைத்தது. உரியவர் கைவைக்க வேண்டும் என்றுதான் விதி இருந்தது. யார் உரியவர் என்று எவரும் சொல்லி வைக்கவில்லை, அடுத்த வீட்டுக்காரியின் கை நீளும் என்று எவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவள் இழுத்து நிறுத்தி, தன் வாசலைத் தாண்டவிட்டு, அடுத்த வாசலை நோக்கி நீட்டினாள். அங்கே இன்னொரு கை காத்திருந்தது. "என்னுது." மஞ்சள் பூசிய கை, செதில் ஒட்டிய கை, வளையல் இல்லாத கை, எரிவாயு அடுப்பில் சுட்ட தழும்புள்ள கை. "என்னுது." தெண்டி தன் முழு பலத்தோடு வடக்கே ஓடிக்கொண்டிருந்தது, அதற்குள் ஒரு பெண் கைக்குக் கை மாறித் தெற்கே வந்துகொண்டிருந்தாள். ஆண்கள் தெருவின் இரு பக்கமும் நின்று, யார் வீட்டுப் பெண்ணை யார் அதட்டுவது என்று தெரியாமல், அவரவர் மனைவியின் பெயரை அரைகுறையாகக் கூப்பிட்டுவிட்டு நிறுத்தினார்கள். கடைசிக்கு முந்திய வாசலில் முல்லையம்மா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். "வாடி என் கண்ணு. என்னுதுடி நீ," என்று இழுத்துப் பிடித்து, "ஏகா, இந்தா, புடி" என்று கத்தினாள்.

ஏகவல்லி கதவில்லாத தன் வாசலில், பெயர்ந்த தரையில், ஒரு கையால் நிலைக்காலைப் பற்றிக்கொண்டு மறுகையை நீட்டினாள். இருவர் விரல்களுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. ஓட்டம் சௌமியாவின் கூந்தலை வடக்கே இழுத்துக்கொண்டிருந்தது.

"கை வெக்காதம்மா," என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு. "யாரும் கை வெக்காதீங்க. நானே வரேன்."

முல்லையம்மா பிடியை விட்டாள். பெற்ற வயிறு ஏகவல்லியின் கையை இன்னும் ஒரு சாண் நீட்டச் சொன்னது. அவள் அந்தக் கையை மடக்கித் தன் மார்போடு அணைத்துக்கொண்டு, வாசலை விட்டு ஓர் அடி விலகி, மகளுக்கு வழிவிட்டு நின்றாள்.